தொடக்ககாலக் குவேக்கர்கள்: மனமாற்றமும் கொள்கைச் சண்டைகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குவேக்கர் என்றால் ஓட்ஸ் டப்பாவில் சிரிக்கும் அந்தத் தாத்தாவா?

அவர் போட்டிருப்பது குவேக்கர் உடை, அவ்வளவுதான். 1877-இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஒரு தானிய ஆலை அந்தப் பெயரை வணிகச் சின்னமாகப் பதிவு செய்தது. குவேக்கர்கள் நாணயமான வியாபாரிகள் என்று ஊரில் பேர் இருந்தது. அந்தப் பேரை ஆலை பயன்படுத்திக்கொண்டது. சபைக்கும் அந்த நிறுவனத்துக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

இந்தப் பக்கத்தில் நாம் பேசப்போகும் குவேக்கர்கள் 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தோன்றிய ஒரு கிறிஸ்தவ இயக்கத்தினர். மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் போர் மூண்டு, 1649-இல் மன்னர் முதலாம் சார்லஸின் தலையே வெட்டப்பட்ட காலம். அரசுத் திருச்சபை ஆட்டம் கண்டிருந்தது. யார் வேண்டுமானாலும் தெருவில் நின்று பிரசங்கம் செய்யலாம் என்ற நிலை. அதில் முளைத்த பல குழுக்களில் நிலைத்து நின்ற சிலவற்றில் இது ஒன்று. அவர்கள் தங்களை 'நண்பர்கள்' என்றே அழைத்துக்கொண்டார்கள். 'கடவுளின் வார்த்தைக்கு முன் நடுங்குங்கள்' என்று ஜார்ஜ் ஃபாக்ஸ் சொன்னதைக் கிண்டல் செய்து, 1650-இல் டார்பி நகர நீதிபதி ஒருவர் 'நடுங்கிகள்' என்ற பொருளில் வைத்த பட்டப்பெயர்தான் குவேக்கர்.

ஜார்ஜ் ஃபாக்ஸ் யார்? அவர் எதிலிருந்து எதற்கு மாறினார்?

1624-இல் லெஸ்டர்ஷயரில் ஒரு நெசவாளியின் மகனாகப் பிறந்தவர். செருப்புத் தைக்கும் தொழில் பழகினார். 19 வயதில் வீட்டை விட்டுக் கிளம்பி, பாதிரியார் பாதிரியாராகப் போய்த் தன் மனக்கலக்கத்துக்கு மருந்து கேட்டார். ஒருவரும் உருப்படியாகப் பதில் சொல்லவில்லை. எல்லா மனிதர்கள்மேலும் நம்பிக்கை போன பிறகு, 1647 வாக்கில், 'உன் நிலைக்கு ஏற்றபடி பேசக்கூடியவர் ஒருவர் இருக்கிறார், அவர் இயேசு கிறிஸ்துவே' என்ற குரலைத் தனக்குள் கேட்டதாகப் பின்னாளில் எழுதினார்.

கவனியுங்கள்: அவர் ஒரு மதத்தை விட்டு இன்னொரு மதத்துக்குப் போகவில்லை. கிறிஸ்தவராகப் பிறந்து, பைபிளை மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருந்தவர். தொடக்ககாலக் குவேக்கர்களின் மனமாற்றங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் இருந்தன. ஏற்கெனவே நம்பியவர்கள், தாங்கள் நம்பியது வாய்ப்பாடாகத்தான் இருந்தது என்று திடுக்கிட்டு உணர்ந்த கதைகள் அவை.

உள்ளொளி என்கிறார்களே, அது மனசாட்சிதானே?

அப்படிச் சொன்னால் அவர்களுக்குக் கோபம் வரும். 'உலகத்திலே வந்து எந்த மனுஷனையும் பிரகாசிப்பிக்கிற ஒளியே அந்த மெய்யான ஒளி' என்ற யோவான் சுவிசேஷ வசனம்தான் அவர்களுக்கு ஆதாரம். அந்த ஒளி கிறிஸ்துவே. அது எல்லாரிடமும் இருக்கிறது: கிறிஸ்தவரல்லாத துருக்கியரிடமும், கிறிஸ்துவின் பெயரே கேள்விப்படாத அமெரிக்கப் பழங்குடியினரிடமும்கூட.

குவேக்கர்களின் பெரிய இறையியலாளரான ராபர்ட் பார்க்ளே இதை விளக்கும்போது, மனசாட்சி விளக்குக்கூண்டு, கிறிஸ்துவின் ஒளி அதற்குள் எரியும் மெழுகுவர்த்தி என்றார். கூண்டில் அழுக்குப் படியலாம், உடையலாம். மெழுகுவர்த்தி மனிதனுடைய சொத்து கிடையாது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு பேருக்குள் எரியும் ஒளி இரண்டு விதமாகச் சொன்னால் யார் தீர்ப்புச் சொல்வது? போப் இல்லை, பிஷப் இல்லை, எல்லாரும் ஒப்புக்கொள்ள வேண்டிய விசுவாசப் பிரமாணம் இல்லை. கீழே வரும் சண்டைகள் ஏறக்குறைய எல்லாமே இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கும்.

ஞானஸ்நானமே இல்லை என்றால் ஒருவர் எப்படிக் குவேக்கராக மாறினார்?

தண்ணீர் ஞானஸ்நானம் இல்லை, திருவிருந்து இல்லை, சேர்க்கைப் படிவமும் கிடையாது. அவர்கள் எழுதி வைத்த அனுபவங்களைப் படித்தால் ஒரு பொதுவான போக்கு தெரியும். முதலில் யாரோ ஒரு பிரசங்கி சொன்ன ஒரு வார்த்தை குத்தும். அப்புறம் ஒளி உள்ளே இருப்பதையெல்லாம் காட்டத் தொடங்கும்: பொய், பெருமை, ஆடம்பரம், கோபம். இந்தக் கட்டம் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீளும், ஆறுதலே இருக்காது. கடைசியில் எதிர்ப்பை விட்டுவிடும்போது அமைதி வரும். இரட்சிப்பு ஒரே நாளில் வாங்கிக்கொள்ளும் பொருள் என்று அவர்கள் நினைக்கவில்லை.

மிகவும் பேர்பெற்ற கதை மார்கரெட் ஃபெல்லுடையது. வடமேற்கு இங்கிலாந்தில் ஸ்வார்த்மோர் என்ற பெரிய வீட்டின் தலைவி; கணவர் தாமஸ் ஃபெல் நீதிபதி. 1652 கோடையில் அல்வர்ஸ்டன் தேவாலயத்தில் ஃபாக்ஸ் எழுந்து, 'கிறிஸ்து இப்படிச் சொன்னார், அப்போஸ்தலர்கள் அப்படிச் சொன்னார்கள் என்கிறீர்கள். நீங்கள் என்ன சொல்வீர்கள்?' என்று கேட்டார். மார்கரெட் தன் இருக்கையில் உட்கார்ந்து அழுதுவிட்டார். 'நாம் எல்லாரும் திருடர்கள். வேதத்தை வார்த்தையாக எடுத்துக்கொண்டோம், நமக்குள்ளே அதைப் பற்றி ஒன்றும் அறியோம்' என்று மனதுக்குள் கதறியதாக அவரே எழுதியிருக்கிறார்.

அப்போது கணவர் ஊரில் இல்லை. திரும்பி வரும் வழியிலேயே, உங்கள் குடும்பத்துக்கு யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள் என்று ஊர்ப் பெரியவர்கள் அவரை மடக்கிச் சொல்லிவிட்டார்கள். கோபத்தோடு வந்தவர், ஃபாக்ஸோடு பேசிய பிறகு வீட்டிலேயே கூட்டம் நடத்திக்கொள்ளச் சொன்னார். 1658-இல் சாகும்வரை அவர் குவேக்கராக மாறவில்லை. ஆனால் கூட்டம் நடக்கும்போது பக்கத்து அறையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த மனிதர் அவர். அந்த வீடும், அந்த நீதிபதியின் நிழலும் இல்லாமல் போயிருந்தால் இயக்கம் முதல் சில ஆண்டுகளைத் தாண்டியிருக்குமா என்பது சந்தேகமே.

பிரசங்கமே கேட்காமல் மாறியவர்களும் உண்டு. பார்க்ளே பாரிசில் கத்தோலிக்கக் கல்லூரியில் படித்த ஸ்காட்லாந்துக்காரர், வாதத்தில் புலி. ஆனால் தன்னை மாற்றியது வாதம் அல்ல என்கிறார். குவேக்கர்கள் ஒன்றும் பேசாமல் அமர்ந்திருந்த கூட்டத்துக்குள் போனபோது ஒரு மறைவான வல்லமை இதயத்தைத் தொட்டது, அதற்கு இடம் கொடுக்கக் கொடுக்கத் தீமை தளர்ந்தது, நன்மை எழுந்தது என்று எழுதினார்.

முதலில் சேர்ந்தவர்கள் எப்படிப்பட்டவர்கள்?

ஏற்கெனவே அரசுச் சபையை விட்டு வெளியேறி அலைந்துகொண்டிருந்தவர்கள். முதல் சீடர் என்று சொல்லப்படும் எலிசபெத் ஹூட்டன் ஒரு பாப்டிஸ்ட் பிரசங்கி. ஃபாக்ஸைவிட மிகவும் மூத்த பெண்மணி. பலர், மன்னரை எதிர்த்த நாடாளுமன்றத் தரப்பின் தளபதி கிராம்வெல்லின் படையில் இருந்த சிப்பாய்கள். 1652 ஜூனில் ஃபெர்பாங்க் குன்றில் ஒரு பாறைமேல் நின்று ஃபாக்ஸ் ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு மூன்று மணிநேரம் பேசினார். அவர்களில் பெரும்பாலோர் 'தேடுபவர்கள்' என்ற குழுவினர். உண்மையான சபை இன்னும் பூமியில் இல்லை என்று நம்பி அமைதியாகக் காத்திருந்தவர்கள். அன்று ஒரு கூட்டமே அப்படியே குவேக்கர்களாக மாறியது. ஃப்ரான்சிஸ் ஹவ்கில் போன்ற அதன் தலைவர்கள் பிரசங்கிகளாகி நாடெங்கும் கிளம்பினார்கள். 1660 வாக்கில் குவேக்கர்கள் 30,000 முதல் 60,000 பேர் வரை இருந்திருக்கலாம் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள்.

மாறியவர்களை வீட்டில் எப்படி நடத்தினார்கள்?

தாமஸ் எல்வுட் என்ற இளைஞரைப் பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் நில உடைமைக் குடும்பம். அப்பா மாஜிஸ்திரேட்டாக இருந்தவர். 1659-இல், இருபது வயதில் மாறினார். குவேக்கர்கள் எந்த மனிதனுக்கும் தொப்பி கழற்ற மாட்டார்கள், எல்லாரையும் 'நீ' என்றே பேசுவார்கள். அப்பாவையும்தான். மகன் தொப்பியோடு முன்னால் வந்து நின்று 'நீ' என்று பேசினால் நம் ஊர் அப்பா என்ன செய்வாரோ, அதையேதான் அந்த அப்பாவும் செய்தார். அறைந்தார், இன்னொரு தடவை அப்படிச் சொன்னால் பல்லை உடைப்பேன் என்றார். வீட்டில் இருந்த தொப்பிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டார். வெறுந்தலையோடு வெளியே போக முடியாமல் எல்வுட் ஒரு குளிர்காலம் முழுவதும் வீட்டிலேயே அடைந்து கிடந்தார். (பின்னாளில் பார்வையிழந்த கவிஞர் மில்டனுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டிய எல்வுட் இவர்தான்.)

இதெல்லாம் சில்லறை விஷயமாக இன்று தோன்றலாம். ஒருவர் உண்மையில் மாறிவிட்டாரா என்பதற்கு இந்தத் தொப்பியும் 'நீ'யும்தான் வெளி அடையாளமாக இருந்தன. சத்தியம் செய்ய மறுப்பதும் அப்படியே. 'பரிச்சேதம் சத்தியம்பண்ணவேண்டாம்' என்று இயேசு சொன்னதை எழுத்துக்கு எழுத்து பிடித்துக்கொண்டார்கள். நீதிமன்றத்தில் மன்னருக்கான விசுவாச உறுதிமொழி எடுக்காததற்காகவே ஆயிரக்கணக்கானவர்கள் சிறைக்குப் போனார்கள்.

மற்ற கிறிஸ்தவர்களுக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம்?

தேவாலயத்துக்குள் வந்து பிரசங்கத்தை மறித்துப் பேசியது, பாதிரியார்களைக் கூலிக்காரர்கள் என்றது, தசமபாகம் கட்ட மறுத்தது, பெண்களைப் பிரசங்கம் செய்ய விட்டது என்று காரணங்கள் நிறைய. கொள்கையளவில் மூன்று விஷயங்கள் உறுத்தின.

ஒன்று, பாவமில்லாத வாழ்க்கை இந்த உலகத்திலேயே சாத்தியம் என்றார்கள். சாகும்வரை மனிதன் பாவியே என்று நம்பிய பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்களுக்கு இது ஆணவமாகப் பட்டது. டார்பியில் ஃபாக்ஸை விசாரித்தவர்கள் 'உனக்குப் பாவம் இல்லையா?' என்று கேட்க, கிறிஸ்து என் பாவத்தை எடுத்துப்போட்டார், அவரிடத்தில் பாவமில்லை என்றார். தேவதூஷணச் சட்டத்தில் ஆறு மாதம் உள்ளே போட்டார்கள்.

இரண்டாவது, வேதாகமம்; அதை அடுத்த கேள்வியில் பார்ப்போம். மூன்றாவதுதான் மிகவும் ஆழமானது: உங்களுக்குள் இருக்கும் கிறிஸ்துவே போதும் என்றால், பெத்லகேமில் பிறந்து எருசலேமுக்கு வெளியே சிலுவையில் இறந்த கிறிஸ்து எதற்கு? பின்னாளில் 'மோட்சப் பிரயாணம்' எழுதிப் பேர்பெற்ற பெட்ஃபோர்டின் ஜான் பனியன் 1656-இல் இதே கேள்வியை அச்சிட்டுக் கேட்டார். அவர் அப்போது பேர் தெரியாத ஒரு பாத்திரம் பூசுகிறவர். பதில் எழுதிய குவேக்கர் எட்வர்ட் பரோவுக்கு இருபத்து மூன்று வயதுதான் இருக்கும். இரண்டு பேரும் ஒருவரையொருவர் அச்சில் கிழித்துத் தொங்கவிட்டார்கள். பரோ, வெளியே இருந்த கிறிஸ்துவை நாங்கள் மறுக்கவில்லை என்றார். பனியன் நம்பவில்லை. என் கருத்தில் பனியனின் கேள்வி நியாயமானது. பரோவின் பதிலில் சூடு இருந்த அளவு தெளிவு இல்லை. அந்தத் தெளிவின்மைக்கு முப்பத்தைந்து வருடம் கழித்து ஃபிலடெல்ஃபியாவில் விலை கொடுத்தார்கள் (கீழே ஜார்ஜ் கீத் கதையில் வரும்).

பைபிளை ஒதுக்கிவிட்டார்களா?

இல்லை. அவர்களுடைய எழுத்தில் வசனம் இல்லாத பக்கத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் வேதம் ஊற்றைப் பற்றிய அறிவிப்பே தவிர ஊற்று அல்ல என்றார் பார்க்ளே. வேதத்தை எழுதவைத்த ஆவிதான் முதல் அதிகாரம். வேதம் அதற்கு அடுத்தது.

ஜேம்ஸ் நெய்லர் தன்னைக் கிறிஸ்து என்று சொல்லிக்கொண்டாரா?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

நெய்லர் யார்க்ஷயர் விவசாயி. படையில் குவார்ட்டர்மாஸ்டராக இருந்தவர். வயலில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தபோது 'உன் இனத்தையும் உன் தகப்பன் வீட்டையும் விட்டுப் புறப்படு' என்ற குரல் கேட்டது என்றார். உடனே கிளம்பவில்லை. நோயில் விழுந்து தேறிய பிறகு, மனைவி மக்களிடம் விடைகூடப் பெறாமல் நடந்துவிட்டார். பேச்சுத் திறமையில் ஃபாக்ஸை மிஞ்சியவர் என்று பலர் சொன்னார்கள். 1655-56-இல் லண்டனில் குவேக்கர் என்றாலே நெய்லர்தான்.

அங்கே அவரைச் சுற்றி மார்த்தா சிம்மண்ட்ஸ், ஹன்னா ஸ்ட்ரேஞ்சர் முதலான சிலர் திரண்டார்கள். அவருக்கு வந்த கடிதங்களில் ஒன்று, உன் பெயர் இனி ஜேம்ஸ் அல்ல, இயேசு என்றது. 1656 செப்டம்பரில் எக்ஸெட்டர் சிறையில் இருந்த நெய்லரை ஃபாக்ஸ் பார்க்கப் போனார். நெய்லர் முத்தமிட்டுச் சமாதானம் ஆக வந்தபோது ஃபாக்ஸ் கன்னத்தைத் தராமல் காலை நீட்டினார். ஃபாக்ஸ் இதைத் தானே பதிவு செய்திருக்கிறார், வருத்தம் எதுவும் இல்லாமல்.

அக்டோபர் 24 அன்று கொட்டும் மழையில், முழங்கால் சேற்றில், நெய்லர் குதிரையில் பிரிஸ்டல் நகருக்குள் வந்தார். பெண்கள் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு 'பரிசுத்தர், பரிசுத்தர்' என்று பாடி வந்தார்கள். இயேசு எருசலேமுக்குள் வந்த காட்சி அப்படியே. பிரிஸ்டலில் நூற்றுக்கணக்கான குவேக்கர்கள் இருந்தார்கள். ஒருவரும் வெளியே வரவில்லை.

விசாரணையில் நெய்லர் சொன்னது இதுதான்: இந்த மரியாதை ஜேம்ஸ் நெய்லர் என்ற படைப்புக்கு அல்ல, கிறிஸ்து எல்லாருக்குள்ளும் வருகிறார் என்பதற்கு நான் ஒரு அடையாளம். குவேக்கர் கொள்கையை வைத்துப் பார்த்தால் இதில் பிழை கண்டுபிடிப்பது கடினம். எல்லாருக்குள்ளும் கிறிஸ்து இருக்கிறார் என்றால் எனக்குள் இருப்பவரை ஒருவர் வணங்கினால் என்ன? அதனால்தான் ஃபாக்ஸும் மற்றவர்களும் அத்தனை பதறினார்கள்.

நாடாளுமன்றமே உட்கார்ந்து டிசம்பரில் ஏறக்குறைய இரண்டு வாரம் விவாதித்தது. மரண தண்டனை வேண்டும் என்ற தீர்மானம் 96-க்கு 82 என்ற வாக்கில் தோற்றது. அதற்குப் பதிலாக 310 கசையடி, சூட்டுக்கோலால் நாக்கில் துளை, நெற்றியில் தேவதூஷணத்துக்கான எழுத்துச் சூடு, பிரிஸ்டலில் குதிரையில் பின்பக்கம் பார்த்து ஊர்வலம், பிறகு சிறை. எந்த அதிகாரத்தில் இப்படித் தண்டித்தீர்கள் என்று அப்போது நாட்டை ஆண்ட கிராம்வெல்லே கடிதம் எழுதிக் கேட்டார்.

1659-இல் விடுதலையான நெய்லர் தன் தவற்றை ஒப்புக்கொண்டு எழுதினார். வில்லியம் டியூஸ்பரி என்ற குவேக்கர் பிரசங்கி நடுவில் நின்று ஃபாக்ஸோடு சமாதானம் செய்து வைத்தார். ஃபாக்ஸ் அரைமனதோடுதான் இருந்தார். 1660 அக்டோபரில் குடும்பத்தைப் பார்க்க வடக்கே நடந்துபோன நெய்லர் ஹன்டிங்டன் அருகே கொள்ளையர்களிடம் அடிபட்டு இறந்தார். சாவதற்கு முன் சொன்ன, 'தீமை செய்வதில் மகிழாத, எந்த அநியாயத்துக்கும் பழிவாங்காத ஓர் ஆவியை நான் உணர்கிறேன்' என்று தொடங்கும் வார்த்தைகளைக் குவேக்கர்கள் இன்றும் படிக்கிறார்கள். ஃபாக்ஸ் எழுதியதில் அதற்கு ஈடான பத்தி எனக்குத் தென்பட்டதில்லை.

தொப்பிக்காக ஒரு பிளவு வந்ததாமே?

ஆமாம். போப்பை மதம் மாற்ற 1657-இல் கிளம்பிய ஜான் பெரட் என்பவரால் வந்தது. ரோமில் அவரைப் பைத்தியக்கார விடுதியில் அடைத்தார்கள்; கூடப் போன ஜான் லஃப் அங்கேயே இறந்தார்.

குவேக்கர் ஆண்கள் மனிதருக்குத் தொப்பி கழற்றுவதில்லை. ஆனால் கூட்டத்தில் யாராவது ஜெபித்தால் கழற்றுவார்கள். அது கடவுளுக்கான மரியாதை. பெரட் சிறையிலிருந்து கேட்டார்: அதுவும் ஒரு சடங்குதானே? ஆவி ஏவினால் கழற்றலாம், வழக்கம் என்பதற்காக ஏன் கழற்ற வேண்டும்? 1661-இல் திரும்பி வந்தபோது அவருக்கு நிறைய ஆதரவு. சித்திரவதைப்பட்டு வந்தவர், கவிதை எழுதுபவர், மென்மையாகப் பேசுபவர். ஃபாக்ஸ் விட்டுக்கொடுக்கவில்லை, இன்னொரு நெய்லர் என்றே பார்த்தார்.

தர்க்கத்தில் பெரட் பக்கம் பலம் இருந்தது. ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. கூட்டத்துக்கு நாளும் நேரமும் குறிப்பதுகூட மனித ஏற்பாடு என்கிற அளவுக்குப் போனார். சட்டம் போட்டுக் குவேக்கர்களைக் கூண்டோடு சிறைக்கு அனுப்பிய காலத்தில், எங்கே எப்போது கூடுவது என்றே தெரியாத சபை எத்தனை நாள் தாங்கும்? பெரட் கரீபியத் தீவுகளுக்குப் போய் 1665-இல் ஜமைக்காவில் இறந்தார்.

சுல்தானையும் மதம் மாற்றப் போனார்களா?

போனார்கள். மேரி ஃபிஷர் என்ற முன்னாள் வேலைக்காரப் பெண் 1658-இல் தனியாக எடிர்னே நகர் வரை போய் ஒட்டோமான் சுல்தான் நான்காம் மெஹ்மதைச் சந்தித்தார். சுல்தான் பொறுமையாகக் கேட்டு, பாதுகாப்புக்கு ஆள் தருகிறேன் என்றார். மேரி வேண்டாம் என்று திரும்பிவிட்டார். இதே மேரி ஃபிஷர் 1656-இல் ஆன் ஆஸ்டினோடு பாஸ்டனில் இறங்கியபோது பியூரிட்டன்கள் புத்தகங்களை எரித்து, ஐந்து வாரம் சிறையில் வைத்து நாடு கடத்தினார்கள். பிறகு 1659-க்கும் 1661-க்கும் இடையில் அதே பாஸ்டனில் மேரி டயர் உட்பட நான்கு குவேக்கர்களைத் தூக்கில் போட்டார்கள்.

ஒளி இரண்டு விதமாகச் சொன்னால் யார் தீர்ப்பது? இதற்குக் கடைசியில் விடை கிடைத்ததா?

கூட்டம் தீர்க்கும் என்பதே விடை. 1666-இல் ஃபாக்ஸ் சிறையில் இருந்தபோது ரிச்சர்ட் ஃபார்ன்வொர்த் முதலான குவேக்கர் தலைவர்கள் ஒரு சுற்றறிக்கை விட்டார்கள். தனி ஆளின் ஏவுதலைவிடச் சபையின் முடிவே பெரியது, அடங்காதவர் எழுத்தும் பிரசங்கமும் ஏற்கப்படாது என்பது அதன் சாரம். அதே ஆண்டு விடுதலையான ஃபாக்ஸ் ஊர் ஊராகப் போய் மாதாந்திரக் கூட்டங்களை நிறுவினார். திருமணம், ஏழைகளுக்கு உதவி, ஒழுக்க விசாரணை எல்லாம் அவற்றின் பொறுப்பு. தவறியவர் தன் தவற்றை எழுதிக் கொடுக்க வேண்டும். மறுத்தால் சபை அவரைக் கைவிடும்.

'ஒளியைத் தவிர வேறு தலைவன் கிடையாது என்று சொல்லித்தானே எங்களை அழைத்தீர்கள்?' என்று ஜான் வில்கின்சன், ஜான் ஸ்டோரி என்ற இரண்டு மூத்த வடக்கத்திப் பிரசங்கிகள் 1670-களில் எதிர்த்தார்கள். அவர்களுக்கு மிகவும் கசந்தது பெண்களுக்குத் தனிக்கூட்டம் வைத்ததும், திருமணம் செய்ய விரும்பும் ஆண்கள் அந்தப் பெண்கள் கூட்டத்தின் முன் போய் நிற்க வேண்டும் என்பதும். சுதந்திரத்துக்காகப் பேசியவர்கள் பெண்கள் விஷயத்தில் இப்படி. கட்டுப்பாடு கொண்டுவந்த ஃபாக்ஸ் பெண்கள் பக்கம். எந்தக் கட்சியையும் முழுதாக ஆதரிக்க முடியாத சண்டை. 1676-இல் செட்பர் அருகே நான்கு நாள் பேசியும் தீரவில்லை. சில ஊர்களில் தனிக்கூட்டமாகப் பிரிந்தார்கள்.

வில்லியம் பென் திரித்துவத்தை மறுத்தாரா?

1668-இல் லண்டனில் தாமஸ் வின்சென்ட் என்ற பிரஸ்பிட்டேரியன் போதகரின் சபையார் இருவர் குவேக்கர்கள் பக்கம் போனார்கள். அங்கே போவதற்கு வேசி வீட்டுக்குப் போயிருக்கலாம் என்கிற அளவுக்கு வின்சென்ட் பேசினார். பின்னாளில் அமெரிக்காவில் பென்சில்வேனியாவை நிறுவிய குவேக்கரான பென்னும், இன்னொரு குவேக்கரான ஜார்ஜ் வைட்ஹெட்டும் பகிரங்க விவாதத்துக்குப் போனார்கள். அது கூச்சலில் முடிந்தது. பேசி முடிக்காததைப் பென் அச்சிட்டார். 'ஒரே கடவுளில் மூன்று தனி ஆட்கள்' என்ற வாய்பாடு வேதத்தில் இல்லை என்று எழுதியதால் லண்டன் டவர் சிறையில் சில மாதங்கள் இருந்தார். அங்கிருந்தே இன்னொரு பிரசுரம் எழுதி, கிறிஸ்துவின் தெய்வத்தன்மையை மறுக்கவில்லை என்று விளக்கிய பிறகு வெளியே வந்தார். வாய்பாட்டை மறுத்தார், கிறிஸ்துவை மறுக்கவில்லை என்பதுதான் நேர்மையான பதில்.

ஜார்ஜ் கீத் ஏன் பிரிந்தார்?

கீத் ஸ்காட்லாந்துக்காரர், பட்டம் பெற்றவர். ஃபாக்ஸ், பென், பார்க்ளேயோடு 1677-இல் ஹாலந்து, ஜெர்மனி போய் வந்த முதல் வரிசைக் குவேக்கர். 1689-இல் ஃபிலடெல்ஃபியாவுக்குப் பள்ளி ஆசிரியராக வந்தார். வந்து பார்த்தால், ஒளி ஒளி என்று பேசும் பிரசங்கிகளுக்குச் சிலுவை, உயிர்த்தெழுதல் பற்றி அடிப்படையே தெரியவில்லை என்று அவருக்குத் தோன்றியது. பிறப்பால் குவேக்கராக வளரும் பிள்ளைகளுக்கு வினாவிடை முறையில் போதனை வேண்டும் என்றார். உள்ளொளி மட்டும் இரட்சிப்புக்குப் போதாது, வெளியே வந்த கிறிஸ்துவையும் நம்ப வேண்டும் என்றார். இரண்டு கிறிஸ்துவைப் போதிக்கிறாய் என்று வில்லியம் ஸ்டாக்டேல் என்ற சக குவேக்கர் அவரைக் குற்றம் சாட்டினார். அப்படியானால் கிறிஸ்துவைக் கேள்விப்படாதவர்கள் கதி என்ன என்று கேட்டபோது, ஆன்மா மறுபடியும் பிறந்து வாய்ப்புப் பெறும் என்ற எண்ணம் இவருக்கு உண்டு என்று எதிரிகள் கிளப்பினார்கள். மறுபிறவி பற்றிய பேச்சில் அவருக்கு ஒரு காலத்தில் ஆர்வம் இருந்தது உண்மை.

பென்சில்வேனியாவில் குவேக்கர்களே நீதிபதிகள், குவேக்கர்களே ஆட்சியாளர்கள். ஒரு படகைத் திருடியவர்களைப் பிடிக்க அவர்கள் ஆயுதத்தோடு ஆள் அனுப்பியதைக் கீத் கிண்டல் செய்தார். கொள்கைச் சண்டை அரசியல் வழக்கானது. 1692-இல் அவருக்கு அபராதம். அவர் பிரசுரங்களை அச்சிட்ட வில்லியம் பிராட்ஃபோர்ட் கைது. கூட்ட மண்டபத்தில் இரு தரப்பும் எதிரெதிர் மேடை வைத்து, கடைசியில் அந்த மேடைகளைக் கோடாரியால் வெட்டிச் சாய்த்தார்கள். சமாதானம் பேசும் சபையில்!

1695-இல் குவேக்கர்களின் தலைமை அமைப்பான லண்டன் ஆண்டுக்கூட்டமும் கீத்தைக் கைவிட்டது. 1700-இல் அவர் இங்கிலாந்து அரசுச் சபையான ஆங்கிலிக்கன் சபையின் பாதிரியார் ஆனார். 1702-இல் அமெரிக்காவுக்கே மிஷனரியாகத் திரும்பி வந்து, பழைய சகாக்களை மதம் மாற்றப் பார்த்தார். கீத் எழுப்பிய கேள்வியில் சரக்கு இருந்தது என்றே நினைக்கிறேன். அவருடைய வாய்தான் அதைக் கெடுத்தது.

கீத் பிளவால் ஏதாவது நல்லது நடந்ததா?

ஒன்று நடந்தது. கறுப்பின அடிமைகளை வாங்காதீர்கள், வைத்திருப்பவர்கள் விடுவியுங்கள் என்று 1693-இல் கீத்தின் குழு ஒரு பிரசுரம் வெளியிட்டது. அமெரிக்கக் குடியேற்றங்களில் அச்சான முதல் அடிமை எதிர்ப்புப் பிரசுரம் அதுவே. பிரதான குவேக்கர் சபை, அடிமை வைத்திருந்தால் வெளியேற்றுவோம் என்று சொல்ல இன்னும் எண்பது வருடம் ஆனது.

கடைசியில் யார் வென்றார்கள்?

அந்த நேரத்துக்குக் கட்டமைப்பு வென்றது. அரசுச் சபையில் சேராத புராட்டஸ்டண்டுகளும் வழிபடலாம் என்ற 1689 சகிப்புச் சட்டம் வந்தபோது குவேக்கர்கள் ஒழுங்கான, ஆவணம் வைத்திருக்கும், அரசு பயப்படத் தேவையில்லாத சபையாக இருந்தார்கள். ஆனால் கீத் கேட்ட கேள்வி சாகவில்லை. 1827-இல் அதே ஃபிலடெல்ஃபியாவில், உள்ளொளியை முதன்மையாக்கிய எலையாஸ் ஹிக்ஸ் தரப்பும் சிலுவைப் பலியை வலியுறுத்திய தரப்பும் இரண்டாகப் பிளந்தன.

இன்று உலகத்திலேயே அதிகக் குவேக்கர்கள் இருப்பது கென்யாவில். 1902-இல் கைமோசிக்குப் போன அமெரிக்க மிஷனரிகள் வழியாக வந்தவர்கள். அவர்கள் கூட்டங்களில் போதகர் உண்டு, பாட்டு உண்டு, பைபிள் பிரசங்கம் உண்டு. லண்டனில் போனால் ஒரு மணிநேரம் யாரும் வாய் திறக்காமல் அமர்ந்திருப்பார்கள். அவர்களில் தன்னைக் கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொள்ளாதவர்களும் இருக்கலாம். இரண்டு கூட்டத்தாரும் ஃபாக்ஸைத்தான் தங்கள் முன்னோடி என்கிறார்கள்.